முட்டையாகிப் போன பந்து

லாமியா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நேரே பார்த்து நடக்க மாட்டாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் நடப்பாள். கீழக்கரைக் கடைத்தெருவில் எந்தக் கடையில் புதுப் பேனர் கட்டியிருக்கிறார்கள் என்று அவள் கண் தேடும். ஒன்று அகப்பட்டுவிட்டால் போதும், கூட வரும் தோழிகள் அங்கேயே நின்றாக வேண்டும்.

"அங்கன பாருங்கடி! ஐஸ்கிரீம் கடை பேனர். எங்க உம்மா போட்டது!"

"போன வாரமும் இதைத்தானே காட்டுனே?" என்பாள் அம்ரீன்.

"அது பழைய பேனர். இது புதுசு. எழுத்துலேருந்தே ஐஸ் உருகி ஒழுகுது பாரு!"

அம்ரீன் பார்ப்பாள். உண்மையிலேயே ஒழுகுவது போலத்தான் இருக்கும்.

லாமியாவின் உம்மா நூர் நிஷா வீட்டில் இருந்தபடியே பேனர் வடிவமைப்பார். ஹாலின் மூலையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். கடைக்காரர்கள் வந்து வேண்டியதைச் சொல்வார்கள். உம்மா படம் போட்டு, எழுத்து போட்டு, ராமநாதபுரத்தில் உள்ள அச்சகத்துக்குக் கம்ப்யூட்டரிலிருந்தே அனுப்பிவிடுவார். அச்சகத்து வினோத்குமார் அதைப் பெரிதாக அச்சடித்துச் சுருட்டி, கீழக்கரை பஸ்ஸில் கொடுத்து விடுவார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் உம்மாவின் பழைய மானிட்டர் படுத்துவிட்டது. சதுரமாக, சின்னதாக இருந்த மானிட்டர் அது. கத்தாரில் வேலை பார்க்கும் வாப்பா சீனி முகம்மது, ஊருக்கு வந்த ஒரு நண்பரிடம் புது மானிட்டர் கொடுத்து அனுப்பினார். அடேயப்பா, எவ்வளவு பெரியது! மேசையின் அகலத்தில் பாதியை அதுவே பிடித்துக்கொண்டது.

அதைப் பொருத்திக் கொடுத்தது அஃப்ரித் காக்கா. பெரியவாப்பாவின் மகன்; லாமியாவுக்கு அண்ணன் முறை, உம்மா அவனுக்குச் சித்தி முறை. கல்லூரியில் படிக்கிறவன். தெருவின் 'நீலச் சுறா' கால்பந்துக் குழுவுக்கு அவன்தான் கேப்டன்.

"எழுத்தெல்லாம் பொடிப்பொடியா தெரியுதே, அஃப்ரித்து" என்றார் உம்மா.

"இருங்க சாச்சி, பெருசாக்கிடுவோம்." அவன் கம்ப்யூட்டருக்குள் எங்கேயோ போய் எதையோ மாற்றினான். எழுத்து பெரிதாகிவிட்டது. உம்மாவுக்குச் சந்தோஷம். அஃப்ரித்துக்கு ஒரு தட்டு நிறைய இனிப்பான வட்டலப்பம் கிடைத்தது.

மானிட்டர் வந்த அட்டைப்பெட்டி, லாமியாவின் தம்பி அம்மாருக்குப் போனது. ஆறு வயது அம்மார் அதற்குள் உட்கார்ந்துகொண்டு அதைப் படகு என்றான். அன்று முதல் படகு ஹால் முழுக்கச் சுற்றிவந்தது.

புது மானிட்டரில் உம்மா போட்ட முதல் பெரிய வேலை, செவ்வந்தி டீச்சரின் பணி நிறைவு விழா பேனர். டீச்சர் நல்ல பருமன். ஆனால் பேனர் வந்தபோது அதில் சிரித்தவரோ ஒல்லிக்குச்சி!

எல்லாரும் உம்மாவைப் பார்த்தார்கள். டீச்சரோ பேனரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நூர் நிஷா, இவ்வளவு அழகா என்னை யாருமே போட்டதில்லை" என்று சொல்லி, விழா முடிந்ததும் அதைச் சுருட்டித் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "போட்டோ அப்படி அமைஞ்சிருச்சு போல" என்று விட்டுவிட்டார்.

ஆனால் புதன்கிழமை சாயங்காலம் நடந்ததை அப்படி விட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கால்பந்துப் போட்டி. பாம்பனிலிருந்தும் முதுகுளத்தூரிலிருந்தும் அணிகள் வருகின்றன. போட்டிக்கான பேனரை உம்மாதான் போட்டிருந்தார். நடுவில் பெரிய கால்பந்து. இரண்டு பக்கமும் நீலச் சுறாக்கள். அஃப்ரித் காக்கா தன் நண்பர்களோடு வந்து பஸ்ஸில் வந்த பேனரை ஹாலில் விரித்தான்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு நண்பர்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். முடியவில்லை. சிரிப்பு வெடித்தது.

"ஏலே, இது பந்தாலே? முட்டைலே!"

"இதை உதைச்சா கோல் விழாது. கோழிக்குஞ்சுதான் வெளிய வரும்!"

உண்மைதான். பந்து செங்குத்தாக நிறுத்திவைத்த முட்டையைப் போல நீண்டு நின்றது. சுறாக்கள் இரண்டும் நெத்திலி மாதிரி மெலிந்திருந்தன.

அஃப்ரித் சிரிக்கவில்லை. "என்ன சாச்சி இது? நாளைக் கழிச்சு போட்டி. பாம்பன்காரங்க பார்த்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாங்க."

"நீயும்தானே பக்கத்துல நின்னு பார்த்தே? வட்டமாத்தானே இருந்துச்சு?"

"வட்டமாத்தான் இருந்துச்சு..." என்று இழுத்தான் அவன்.

உம்மா உடனே அச்சகத்துக்குப் போன் போட்டார். "என்ன தம்பி வினோத்குமாரு, பந்தை இப்படி நசுக்கி அனுப்பியிருக்கீங்க? செவ்வந்தி டீச்சர் பேனரையும் நீங்கதான் கெடுத்தீங்களா?"

"அக்கா, வந்த படத்தை அப்படியே அடிச்சோம்" என்றது போன். "மெஷினு போயி பந்தை நசுக்குமாக்கா? நீங்க அனுப்புனதே அப்படித்தான் இருந்துச்சு."

உம்மா போனை வைத்துவிட்டார். முகம் சின்னதாகிப் போயிருந்தது. "நாளைக்கு வேற அடிச்சுத் தாரேன், அஃப்ரித்து" என்று மெதுவாகச் சொன்னார். அவர்கள் போன பிறகு மேசை முன்னால் போய் உட்கார்ந்தார். ஆனால் மவுஸைத் தொடவில்லை.

"உம்மா?" என்றாள் லாமியா.

"என் கண்ணுதான் போச்சு போல, புள்ள. கொஞ்ச நாளாவே எல்லாம் மங்கலா தெரியுது. தலைவேற வலிக்குது. வட்டம் எது, முட்டை எதுன்னு தெரியாதவ எதுக்கு டிசைன் போடணும்? அஃப்ரித்தை வேற யார்கிட்டயாவது போகச் சொல்லிருவோம்."

லாமியாவால் நம்பவே முடியவில்லை. ஐஸ் உருகி ஒழுகும் எழுத்தை எழுதிய உம்மாவா இப்படிப் பேசுவது?

உம்மா அடுப்படிக்குப் போனதும் அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். பந்துப் படத்தைத் திறந்தாள்.

வட்டம்! அச்சு அசலாக வட்டம். அவளுடைய கண்ணுக்கும் வட்டமாகத்தான் தெரிந்தது. அப்படியென்றால் கோளாறு உம்மாவின் கண்ணில் இல்லை.

அதே படத்தை உம்மாவின் போனுக்கு அனுப்பினாள். போனில் திறந்தாள்.

முட்டை!

"அம்மார், இங்கன வா! இது என்ன?"

படகிலிருந்து இறங்கி வந்த அம்மார் மானிட்டரைப் பார்த்தான். "பந்து." போனைப் பார்த்தான். "முட்டை." மறுபடியும் மானிட்டரைப் பார்த்தான். "ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது."

"அதேதான்! எது பொய் சொல்லுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

லாமியா யோசித்தபடி திறந்திருந்த படத்தை மூடினாள். திரையின் பின்னணியாக வைத்திருந்த பெருநாள் போட்டோ தெரிந்தது. புதுச் சட்டையில் அம்மார். கன்னம் இரண்டும் பூரி போல உப்பியிருந்தது. லாமியா போட்டோவைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அம்மாரைப் பார்த்தாள். அவன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டும் பார்த்தாள்.

"நீ இவ்வளவு குண்டா?"

"நான் ஒண்ணும் குண்டு இல்ல!" என்று கத்தினான் அம்மார்.

"இல்லதான்டா! அதைத்தான் நானும் சொல்றேன்! உம்மா, ஓடி வாங்க!"

உம்மா கையைத் துடைத்தபடி வந்தார். லாமியா பையிலிருந்து தன் ஸ்கேலை எடுத்தாள்.

"உம்மா, ஒரு கட்டம் போடுங்க. கையால இழுக்காதீங்க. நீளம் பத்து, உயரம் பத்துன்னு நம்பர் அடிச்சுப் போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்களேன்."

உம்மா போட்டார். திரையில் ஒரு கட்டம் வந்தது. லாமியா அதன்மேல் ஸ்கேலை வைத்து அளந்தாள். பிறகு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து அளந்தாள்.

"குறுக்கே பன்னிரண்டு சென்டிமீட்டர். மேலிருந்து கீழே ஒன்பதுதான்!"

"ரெண்டுக்கும் பத்துதானே போட்டேன்?" உம்மா ஸ்கேலை வாங்கித் தானே அளந்தார். பன்னிரண்டு. ஒன்பது.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு உம்மா. மானிட்டர்தான் எல்லாத்தையும் அகலமாக் காட்டுது. பந்து வரையும்போது குண்டா வந்துச்சா?"

உம்மா நாற்காலியின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். "ஆமா. வட்டம் போட்டாலே அகலமா வந்துச்சு. நான்தான் ரெண்டு பக்கமும் அமுக்கி வட்டமாக்குனேன். டீச்சர் போட்டோவும் அப்படித்தான். நேர்ல இருக்கிறதைவிடக் குண்டா தெரிஞ்சுச்சு, பாவமேன்னு அமுக்கிவிட்டேன்."

"சரியா இருந்ததை நீங்க அமுக்கிட்டீங்க. அதான் அச்சுல ஒல்லியா வந்திருக்கு!"

"யா அல்லாஹ்!" உம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "அப்ப வினோத்குமாரு மேல தப்பே இல்லையா? அந்தத் தம்பியைப் போயி திட்டிட்டேனே!"

ஆனால் மானிட்டர் ஏன் அகலமாகக் காட்டுகிறது?

பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பில் பார்த்தது லாமியாவுக்கு நினைவு வந்தது. திரையில் காலியான இடத்தில் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினாள். டிஸ்ப்ளே செட்டிங்ஸ் என்ற இடத்துக்குப் போனாள். அங்கே ரெசல்யூஷன் என்று ஒரு வரி. அதற்குக் கீழே 1024 x 768 என்று இருந்தது.

"ரெசல்யூஷன்னா என்ன?" என்று கேட்டான் அம்மார்.

"திரை முழுக்கப் பொடிப்பொடியாப் புள்ளி இருக்கும்டா. அந்தப் புள்ளியாலதான் படம் போடுது. குறுக்கே எத்தனை புள்ளி, கீழே வரைக்கும் எத்தனை புள்ளின்னு சொல்ற நம்பர் இது."

அந்த வரியை அழுத்தியதும் வேறு பல எண்கள் வரிசையாக வந்தன. முதலில் ஒன்றைத் தொட்டாள். திரை சட்டென்று கறுத்துவிட்டது.

"உடைச்சிட்டா! ராத்தா மானிட்டரை உடைச்சிட்டா!" அம்மார் படகுக்குள் பாய்ந்து ஒளிந்துகொண்டான்.

உம்மா நெஞ்சில் கைவைத்தார். ஒரு நொடிதான். திரை திரும்ப வந்தது. இந்த மாற்றம் அப்படியே இருக்கட்டுமா என்று கேட்டது. எழுத்துகள் இப்போது பூசணிக்காய் பருமன். கட்டமோ இன்னும் அகலமாகத்தான் இருந்தது. லாமியா வேண்டாம் என்றாள். மானிட்டர் நல்ல பிள்ளையாகப் பழைய நிலைக்குப் போனது.

"பார்த்தீங்களா உம்மா, வேணாம்னு சொன்னா கேட்டுக்குது. பயப்பட வேணாம்."

இத்தனை எண்களில் இந்த மானிட்டருக்கு உரியது எது? லாமியா அங்கும் இங்கும் பார்த்தாள். பார்வை படகின் மேல் போய் நின்றது. அட்டைப்பெட்டியின் பக்கத்தில் ஏதேதோ அச்சடித்திருந்ததே!

"அம்மார், இறங்கு. பெட்டியைப் பார்க்கணும்."

"இது பெட்டி இல்ல, படகு. நடுக்கடல்ல எப்படி இறங்குறது?"

"சரிங்க கேப்டன், கரைக்கு வாங்க. உங்க படகுல ஒரு நம்பர் எழுதியிருக்கு. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

கேப்டன் என்றதும் அம்மார் கரைக்கு வந்துவிட்டான். ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். "ஒண்ணு, ஒம்போது, ரெண்டு, சைபர். அப்புறம் ஒண்ணு, சைபர், எட்டு, சைபர்."

திரையில் வந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே அதே எண் இருந்தது. 1920 x 1080. பக்கத்திலேயே, இதுதான் ஏற்றது என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் இருந்தது.

"உம்மா, இது அகலமான மானிட்டர். 1024 x 768 நம்ம பழைய சதுர மானிட்டருக்கு உள்ள அளவு. அம்மார் சட்டையை அஃப்ரித் காக்காவுக்கு மாட்டிவிட்டா எப்படி இருக்கும்? சட்டையில இருக்கிற படமெல்லாம் இழுத்துக்கிட்டு அகலமாத் தெரியாதா? அதுதான் நடந்திருக்கு."

அழுத்தினாள்.

திரை கறுத்து, வந்தது. கண்ணாடியைத் துடைத்து வைத்ததுபோல் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. போட்டோவில் அம்மாரின் கன்னம் வற்றி, அவன் கன்னமாகவே ஆகிவிட்டது. லாமியா அவசர அவசரமாகப் பந்துப் படத்தைத் திறந்தாள்.

"முட்டை!" என்று கத்தினாள்.

"முட்டை! முட்டை!" என்று குதித்தான் அம்மார்.

உம்மாவும் கைதட்டினார். ஒரு முட்டையைப் பார்த்து அந்த வீட்டில் யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

உம்மா உடனே வேலையைத் தொடங்க உட்கார்ந்தார். முன்னால் குனிந்தார். இன்னும் குனிந்தார். மூக்கு திரையைத் தொட்டுவிடும் போல் இருந்தது.

"பளிச்சுன்னுதான் இருக்கு. ஆனா எழுத்து எறும்பாட்டம் இருக்கே, புள்ள. இதுக்குத்தானே அஃப்ரித்து மாத்தி வச்சான்?"

லாமியாவின் சிரிப்பு நின்றது. பழைய எண்ணுக்குப் போனால் எழுத்து பெரிதாகும், பந்து கெட்டுவிடும். இங்கேயே இருந்தால் பந்து சரியாக இருக்கும், உம்மாவால் படிக்க முடியாது. பந்துக்கும் உம்மாவுக்கும் சேர்த்து ஒரு வழி வேண்டுமே!

அதே பக்கத்தை மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தாள். ரெசல்யூஷனுக்கு மேலே இன்னொரு வரி இருந்தது. ஸ்கேல். அதில் நூறு சதவீதம். அம்புக்குறியைத் தொட்டாள். நூற்று இருபத்தைந்து. எழுத்து கொஞ்சம் வளர்ந்தது. நூற்று ஐம்பது. இன்னும் வளர்ந்தது. கட்டத்தை வரைந்து மறுபடியும் அளந்தாள். குறுக்கே எவ்வளவோ, உயரமும் அவ்வளவே!

"இப்ப சாஞ்சு உட்கார்ந்து படிங்க உம்மா."

உம்மா நாற்காலியில் சாய்ந்தார். வரிகளைப் படித்தார். ஒரு தடவைகூடக் குனியவில்லை. பிறகு லாமியாவின் தலையைத் தன் பக்கம் இழுத்து உச்சியில் முத்தமிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே புதுப் பந்து தயாராகிவிட்டது. சுறாக்கள் இரண்டும் கொழுத்துத் திரும்பி வந்தன. அச்சகத்துக்கு அனுப்பும் முன் உம்மா போன் செய்தார்.

"தம்பி வினோத்குமாரு, தப்பு என் பக்கம்தான். தெரியாம உங்களைச் சத்தம் போட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அட, விடுங்கக்கா! காலையில முதல் வேலையா அடிச்சு மதிய பஸ்ஸுக்குக் கொடுத்து விடுறேன்."

செவ்வந்தி டீச்சருக்கும் போன் செய்து, உங்கள் பேனரையும் சரியாக அடித்துத் தருகிறேன் என்றார். டீச்சர் பதறிப்போய்விட்டார்.

"வேணாம்மா, வேணவே வேணாம்! அதை நான் ஃபிரேம் போடக் கொடுத்தாச்சு!"

மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலம், பஸ் ஸ்டாண்டில் வைத்தே அஃப்ரித் பேனரைப் பிரித்தான். நண்பர்கள் சுற்றி நின்றார்கள். வட்டமான பந்து. உதைத்தால் பறந்துவிடும் போல இருந்தது.

"அப்ப முதல்ல ஏன் முட்டையா வந்துச்சு?" என்று கேட்டான் ஒரு நண்பன்.

லாமியா அஃப்ரித் காக்காவைப் பார்த்தாள். அத்தனை பேருக்கு நடுவில் அவன் கேப்டனாக நின்றுகொண்டிருந்தான். உம்மாவுக்கு எழுத்து நன்றாகத் தெரிய வேண்டும் என்றுதானே அவன் அதை மாற்றினான்?

"மானிட்டர் செட்டிங் மாறியிருந்துச்சு. இப்ப சரியாயிருச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அஃப்ரித் புருவத்தைச் சுருக்கினான். "செட்டிங்கா? எழுத்து பெருசாகணும்னு அன்னைக்கு நான் ஒண்ணை மாத்தினேனே, அதா?"

லாமியா பேனரின் ஓரத்தை ரொம்பக் கவனமாக மடித்தாள்.

அஃப்ரித்துக்குப் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "ஏலே, சாச்சியைக் குறை சொன்னோமேலே! முட்டை போட்டது நான்தான்லே!"

வெள்ளிக்கிழமை மாலை மைதானம் நிரம்பி வழிந்தது. கடற்காற்றில் பேனர் படபடத்தது. உம்மா போனை உயர்த்திப் பிடித்து, கத்தாரில் இருந்த வாப்பாவுக்கு அதைக் காட்டினார். நீலச் சுறா மூன்று கோல் போட்டது, இரண்டு வாங்கியது.

ஆட்டம் முடிந்ததும் பாம்பன் அணியோடு வந்திருந்த வீரபத்திரன் என்பவர் பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதைப் போட்டது யாரு? அடுத்த மாசம் எங்க ஊருலயும் போட்டி வைக்கிறோம். இதே மாதிரி வேணும்" என்றார். அஃப்ரித் அவரை உம்மாவிடம் அழைத்து வந்தான்.

உம்மா தன் எண்ணைச் சொன்னார். அவர் போனில் பதிந்துகொண்டே கேட்டார்.

"என்ன பேருல போட்டுக்கிடட்டும்? கடைக்கு என்ன பேருக்கா?"

உம்மா பக்கத்தில் நின்ற மகளைத் தோளோடு அணைத்து முன்னால் கொண்டுவந்தார்.

"லாமியா டிசைன்ஸ்னு போட்டுக்கங்க தம்பி."

லாமியா உம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். உம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீரபத்திரன் எழுத்து எழுத்தாகத் தட்டி, சரிதானா என்று லாமியாவிடமே காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு நடந்து போகும்போது, கடைத்தெருவில் இருந்த ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் லாமியா நின்று நின்று படித்தாள். எத்தனையோ கடைகள் இருந்தன. ஒன்றுக்குக்கூட அவ்வளவு அழகான பெயர் இல்லை.